இல்லாத வள்ளியம்மாவுக்கு வந்த சேலைகள்

மதிப்பிற்குரிய இல்லத் தலைவர் சிவநேசன் மாமாவுக்கு,

கிள்ளானிலிருந்து கிஷன் வணக்கத்துடன் எழுதுவது. பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நம் முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சுகம். இல்லாத ஒருவரால்தான் தொல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. வேன் இல்லையென்றால் இங்கிருக்கும் பாக்கியம் ஆன்டிக்கு டயாலிசிஸ் இல்லை. வாடகைக் கார்க்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நன்கொடை கேட்டு நான் எழுதியதில் இதைத்தான் சொல்லியிருந்தேன். "இது வொர்க்ஷாப் பில் மாதிரி இருக்குலா. ஏஐ கிட்ட குடு, படிக்கிறவனுக்குக் கண்ணீர் வரணும்" என்றீர்கள். கொடுத்தேன். அது ஒரு வள்ளியம்மாவைப் பெற்றுப் போட்டது. மூன்று மகன்கள் பத்துமலை முருகன் கோயில் படியடியில் விட்டுவிட்டுப் போன தாயாம். கூடவே ஒரு படம்: குழிவிழுந்த கண், கிழிந்த சேலை, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிட்டீர்கள்.

அதோடு நின்றதா? பதில் போடும் வேலையையும் அதனிடமே ஒப்படைத்தீர்கள். விசாரித்தவர்களுக்கெல்லாம் அது வள்ளியம்மாவாகவே மாறி, "வா மகனே, உன் கையால் ஒரு வாய் சோறு ஊட்டு" என்று எழுதியிருக்கிறது. நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும், பிறந்தநாள் என்றாலே இல்லத்துக்குச் சாப்பாடு போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள். செராஸிலிருந்து ராஜன் என்பவர் கேக், பேனர், குடும்பம் சகிதம் வந்து இறங்கினார். வள்ளியம்மா கிளினிக்குக்குப் போயிருக்கிறார் என்றேன். சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டார். சரி, இவருக்கு ஊட்டுங்கள் என்று பாக்கியம் ஆன்டியைக் காட்டினேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க வேணாம் தம்பி. சிரிச்ச முகமா இருக்காங்க. போட்டோவுக்கு சரி வராது."

"சிரிக்கிறவளுக்கும் கிட்னி போவும் தம்பி," என்றார் ஆன்டி. "கேக்க மட்டும் வச்சுட்டுப் போங்க. எனக்கு ஆகாது, மத்தவங்க தின்பாங்க."

மறுநாள் செலாயாங் காய்கறிப் பாசாரிலிருந்து ஒருவர் லோரியோடு வந்தார். "அந்த மூணு பயலுங்க அட்ரஸ் குடு. நான் பேசிக்கிறேன்" என்றார். கையில் கட்டை இருந்தது. இல்லாத மகன்களைக் காப்பாற்ற அரைமணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் அந்த லோரியின் முன்சீட்டில்தான் ஆன்டியைத் தூக்கி உட்காரவைத்து டயாலிசிஸுக்குக் கொண்டுபோனேன், பின்னால் கோஸ் மூட்டைகள். இத்தனை நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான். அவரும் அடுத்த தடவைக்கு வர முடியாது என்றுவிட்டார்.

வள்ளியம்மாவுக்கு இதுவரை ஆறு சேலை, ஒரு ஊன்றுகோல், ஒரு மின்விசிறி வந்திருக்கின்றன. வேனுக்கு ஒருவரும் எதுவும் தரவில்லை. கேட்டால், "வேன் எதுக்கு, அம்மாவ வெளிய அலைய விடாதீங்க" என்கிறார்கள். மாமா, இந்த ஊரில் உயிரோடு இருப்பவர் உதவி கேட்டால் கணக்கு கேட்கிறார்கள். அழுவதற்கென்றே செய்த முகத்துக்குக் கேட்காமலே கொடுக்கிறார்கள். அந்த ஏஐ-யை நான் குறை சொல்லவில்லை. நம்மை அது சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

ஆகவே, அப்படி ஒருவர் இல்லை என்று நீங்களே குழுக்களில் எழுதிவிடுங்கள். பாக்கியம் ஆன்டிக்கு வேன் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். இனி இந்தப் பொய்யில் ஒரு படம், ஒரு வரிகூட என் கையால் போகாது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் சம்மதம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முட்டிவலி குறையப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
அலுத்துப்போன மருமகன்,
கிஷன்

பி.கு.: இதைப் பாக்கியம் ஆன்டிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா எழுதியிருக்க. உண்மைய சொல்லி வேன் கேட்டியே, வந்துச்சா?" என்றார். பிறகு தலையைக் கலைத்துக்கொண்டு, "என்னை ஒரு போட்டோ புடி. அந்த ஏஐகிட்ட குடுத்து அழ வை" என்றார். அது செய்து கொடுத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "பத்தலலா, இன்னும் கொஞ்சம்" என்று திருத்தச் சொன்னார். இரண்டாவதை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். மேலே எழுதியதை விடுங்கள். இன்றைக்கே எல்லாக் குழுக்களிலும் போடுங்கள் மாமா. வியாழக்கிழமை அவருக்கு டயாலிசிஸ்.