அத்தானின் கிட்டாரும் ஒலித் தர ஆய்வுக் குழுவும்

மனித குலத்தின் மகத்தான தேடல்கள் மூன்று: நெருப்பு, சக்கரம், படுக்கையறையில் ஹெவி மெட்டல் கிட்டாரைச் சரியான ஒலியில் பதிவு செய்வது. முதல் இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாவதை லிஃப்ட் மெக்கானிக்கான என் அத்தான் பதினேழு மாதங்களாக நடத்திவந்தார்.

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். கிட்டார் அத்தான்; டிரம்ஸ் அவர் மனைவியும் கணக்கு டீச்சருமான என் அக்கா; பாட்டு எழுதிப் பாடுவது அடியேன். கூடுதல் பொறுப்பாக 'ஒலித் தர ஆய்வுக் குழு'வின் தலைவரும் நானே. அக்கா முதல் மாதமே ஒரு மதியத்தில் தன் பகுதியை வாசித்துப் பதிவு செய்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கலையில் ஆழம் இல்லாதவர்கள் அப்படித்தான்.

அத்தான் ஆழமானவர். ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி வீட்டிலுள்ள மெத்தைகளை எல்லாம் அடுக்கினார். குடும்பம் தரையில் படுத்தது. மைக்கை அரை விரற்கடை இடப்பக்கம் நகர்த்துவார். ஒரு வாரம் யோசிப்பார். மறுபடி வலப்பக்கம் நகர்த்துவார். அறையில் இடியாய் முழங்கும் கிட்டார், பதிவில் மட்டும் டப்பாவில் அடைபட்ட வண்டாய் ரீங்கரித்தது. உறுமலைக் கூட்டும் குமிழுக்குக் 'கெயின்' என்று பெயர். அது உச்சத்தில் இருந்தது. கெயின் ஏறியதே தவிர ஆதாயம் ஒன்றுமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அக்கா உள்ளே வந்தாள். வானொலிப் போட்டிக்கு ஆறு மணிக்குள் பாட்டை அனுப்பியாக வேண்டும்.

"இன்னுமா முடியலை?"

"நாலஞ்சு மாசத்துல பிடிச்சிடுவேன்மா."

அக்கா குனிந்து கெயினைப் பாதியாகக் குறைத்தாள். நடு ஒலிக்கான 'மிட்' குமிழைக் கூட்டினாள். "இப்ப வாசிங்க."

வாசித்தார். பதிவைப் போட்டுக் கேட்டோம். டிரம்ஸுக்கு நடுவே கிட்டார் காட்டெருமை மந்தையாய் இறங்கியது. அத்தானுக்குக் கண் கலங்கியது. பிறகு குமிழ்களை உற்றுப் பார்த்தார்.

"முதல் வாரம் இதே இடத்துலதானே வெச்சிருந்தேன்? மாப்ளை, நீதானே கெயின் பத்தலைன்னு சொன்னே!"

"ஆய்வுக் குழுவின் அன்றைய கருத்து அது," என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாட்டு வரியைக் காட்டு."

"மனசுல இருக்கு."

"சொல்லு."

நான் மைக்கை அரை விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினேன்.

"பதினேழு மாசம்! நீ ஒரு வரி எழுத வக்கில்லாம, எங்களைத் தரையில படுக்க வெச்சியாடா?"

ஆய்வுக் குழு அந்த நிமிடமே கலைக்கப்பட்டது. அத்தான் தன் பகுதியை மளமளவென்று வாசித்து முடித்தார். ஐந்தே காலுக்கு மைக் என் வாயருகே வந்தது. வரி இல்லை. அக்கா எதிரே டிரம் குச்சியோடு நின்றாள். வாயில் வந்ததை நான்கு நிமிடம் உறுமித் தீர்த்தேன்.

போன வாரம் நடுவர்களின் கடிதம் வந்தது. மூன்றாம் பரிசு. 'கிட்டார் ஒலி அபாரம். டிரம்ஸ் துல்லியம். ஒரே ஒரு சந்தேகம்: பாடகர் நான்கு நிமிடமும் "மன்னிச்சிடுங்க அத்தான்" என்று கதறுகிறாரே, அப்படி என்னதான் செய்தார்?'