கழற்றினால்தான் தெரியும்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. கடிகாரம் நின்றுபோனால் சாவி கொடுத்துப் பார்க்காமல் நேரே ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் போகிற வகை. விளக்கு எரியவில்லையா? பல்பை மாற்றிப் பார்ப்பது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். சுவரைப் பெயர்த்து உள்ளே ஓடுகிற ஒயரைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும். இவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முட்டாள்கள் என்றும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் வீட்டிலுள்ளவர்கள் எப்போதோ தப்பித்திருப்பார்கள். கெட்டிக்காரர்கள். கையில் வேலை தெரிந்தவர்கள். ஒரே ஒரு நிபந்தனைதான்: தங்கள் பொருளுக்கு வந்த கோளாறு சின்னதாக இருந்துவிடக் கூடாது. தங்கள் தகுதிக்கு ஏற்ற கோளாறாக இருக்க வேண்டும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்றாலும், கொழுகொழுவென்று வளர்வது அயோவா மாநிலத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். இங்கே வீட்டுக்கு இரண்டு ஏக்கர் புல்வெளி, மூன்று கார் நிறுத்தும் கராஜ், அதில் ஒரு கார்கூட நிற்க முடியாதபடி சாமான்கள், அந்தச் சாமான்களின் நடுவே உற்சவமூர்த்தி போல ஒரு பழைய தோட்டத்து டிராக்டர். புல் வெட்டுவதற்கென்று வாங்கிய இந்தச் சின்ன டிராக்டரை இங்குள்ள ஆண்கள் பார்க்கிற பார்வையை அவர்களுடைய மனைவிமார் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கலாம்.

லைல் வான்டர்வீனை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தொரு வயது. முப்பது வருடம் கால்நடைத் தீவன ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய டிராக்டர் அவருடைய மகள் ஷெல்பியைவிட ஒன்பது வயது மூத்தது. அந்த ஷெல்பிக்கு ஜூலை மாதம் மூன்றாவது சனிக்கிழமை வீட்டுப் பின்புறத்துப் புல்வெளியில் கல்யாணம். பெண் அதிகமாக எதுவும் கேட்கவில்லை. வீட்டுப் பின்வாசலிலிருந்து பாதிரியார் நிற்கப் போகிற மேப்பிள் மரம் வரைக்கும், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற தொட்டி வண்டியில் தான் உட்கார்ந்திருக்க, அப்பா ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். லைல் வாக்குக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் தேவாலயத்திலிருந்து எண்பது மடக்கு நாற்காலிகள் வந்து இறங்கின. கராஜில் இடமில்லை. டிராக்டரில் பெட்ரோலும் இல்லை. லைலும் அவருடைய மனைவி மார்லாவும் அதைக் கையாலேயே தள்ளி ஓரங்கட்டினார்கள். இந்த மாதிரி டிராக்டரைச் சும்மா தள்ளினால் கோவேறு கழுதை போல நிற்கும். பின்பக்கத்தில், வண்டி மாட்டுகிற கொக்கிக்கு மேலே, ஒரு கம்பி இருக்கிறது. அதன் நுனியில் கறுப்புக் குமிழ். அதை வெளியே இழுத்துவிட்டால் சக்கரங்களுக்கும் அவற்றைச் சுழற்றுகிற டிரான்ஸ்மிஷனுக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். வண்டி கையோடு வரும். தள்ளி முடித்ததும் உள்ளே அழுத்திவிட வேண்டும். லைல் இழுத்தார். இருவருமாகத் தள்ளினார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். குமிழை உள்ளே அழுத்த மறந்துபோனார்.

இரண்டு நாள் கழித்துப் பெட்ரோல் ஊற்றி இன்ஜினைக் கிளப்பினார். இன்ஜின் கர்ஜித்தது. பெடலை மிதித்தார். டிராக்டர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வியாதி இவ்வளவுதான், வாசகரே. ஒரு விரலால் அழுத்தினால் தீர்ந்தது. இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், லைலிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் அவர் கேட்கப் போவதில்லை.

கழற்றிப் பார்ப்பவர் எடுத்த எடுப்பில் கழற்றிவிட மாட்டார். அதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. முதலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூன்று முறை வலம் வருவார். டயரை ஓர் உதை. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இயந்திரத்திலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எண்ணெயில் விரலை விட்டு, தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். கடைசியாக ஒரு "ம்ம்". அந்த "ம்ம்" வந்துவிட்டால் வீடு மூன்று வாரத்துக்குக் கையைவிட்டுப் போயிற்று என்று அர்த்தம். இத்தனை வலம் வந்தவர் பின்பக்கம் போகவில்லையா என்று கேட்கிறீர்கள். போனார். குமிழ் அவர் முழங்காலில் இடித்தது. தடவிக்கொண்டு நகர்ந்தார்.

மார்லா கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"போன வாரம் ஓடிச்சே. அதுக்கப்புறம் தள்ளி ஓரமா வெச்சோம். வேற என்ன பண்ணினோம்?"

கேள்வி எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள். அதனால்தான் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. இருபது நிமிடச் சொற்பொழிவுதான் கிடைத்தது. எண்ணெயின் அழுத்தம், அழுத்தத்தைத் தருகிற பம்ப், பம்பின் வயது, அந்த வயதில் தேய்ந்துபோகிற ரப்பர் சீல்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முடித்தார்.

"கழட்டினாத்தான் தெரியும்."

"டிராக்டரோட வந்த புக் அலமாரியில இருக்கு, லைல்."

"புக்கு தெரியாதவங்களுக்கு."

அன்று மத்தியானம், பழைய டிராக்டர்காரர்கள் கூடி அரட்டை அடிக்கிற இணையப் பக்கம் ஒன்றில் நோயின் அறிகுறிகளை விவரமாக எழுதிப் போட்டார். முதல் பதில் நான்கு நிமிடத்தில் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஒரே வரியில் கேட்டிருந்தார்: பின்னால் உள்ள குமிழ் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? லைல் சிரித்தேவிட்டார். நேற்றுப் பிறந்ததெல்லாம் பதில் எழுத வந்துவிட்டது என்று மார்லாவிடம் சொல்லிவிட்டு, போன் திரையில் அந்தப் பதிலை விரலால் மேலே தள்ளினார். இரண்டாவது பதில் பதினொரு பத்தி. பம்பைப் பிளந்து பார்க்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று முடிந்திருந்தது. லைல் அதை இரண்டு முறை படித்தார். தன் சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

கழற்றத் தொடங்கினார். இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் கண்டபடி கழற்றுகிற ஆள் அல்ல. ஒவ்வொரு போல்ட்டைத் தொடுவதற்கு முன்பும் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படங்கள். எது எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்ட வேண்டும் என்பது ஆலையில் அவர் முப்பது வருடம் கட்டிக் காத்த விரதம். கழற்றிய நட்டுகளைக் கலக்காமல் வைக்க, மார்லா கப் கேக் சுடுவதற்காக எடுத்து வைத்திருந்த குழித் தட்டுகள் மூன்றையும் கொண்டுபோனார். கல்யாணத்துக்கு நூறு கப் கேக் சுட வேண்டிய தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நட்டு, ஒரு சின்னச் சீட்டு. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல், பம்பை உள்ளே வைத்திருக்கிற டிரான்ஸ்மிஷன்.

இதற்கிடையில் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கர்ட், அம்மா லோயிஸ். மார்லா பன்றி இறைச்சித் துண்டுகளை நெருப்பில் வாட்டி, சோளக்கதிர் அவித்து, புல்வெளியில் மேஜை போட்டிருந்தார். கர்ட் கை கொடுத்தார், வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், பிறகு கராஜ் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

"டிரான்ஸ்மிஷன் எண்ணெய் வாசனை அடிக்குதே. திறந்திருக்கீங்களா?"

முடிந்தது. வெளுத்துத் தேய்த்த சட்டையோடு ஐந்தாவது நிமிடம் கர்ட் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். "நீங்க" என்று உள்ளே போனவர்கள் "நீ, வா" என்று வெளியே வந்தார்கள். இறைச்சி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. அதன் இரு பக்கமும் உட்கார்ந்து, இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சோளக்கதிரைக் கடித்தார்கள். தன் மகனுக்கு இந்தப் புத்தி கிடையாது என்று லோயிஸ் மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதிலேயே மார்லாவுக்கு மனம் குளிர்ந்த ஒரே வாக்கியம் அதுதான்.

உள்ளே என்ன கண்டார்கள்? ஒன்றும் இல்லை. பம்ப் கண்ணாடி மாதிரி பளபளத்தது. தேய்மானம் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். லைலுக்கு முகம் செத்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று புதுச் சீல்களை வரவழைத்து எல்லாவற்றையும் மாற்றினார்.

புல் இதற்கெல்லாம் காத்திருக்குமா? முழங்காலைத் தொட்டது. மார்லா பக்கத்து வீட்டிலிருந்து, தள்ளிக்கொண்டே பின்னால் நடக்கிற சின்ன இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஒன்பது மாலைப்பொழுதுகள் அந்த இரண்டு ஏக்கரையும் தனியாக வெட்டினார். உள்ளங்கை கொப்பளித்தது. கப் கேக்குகளை லோயிஸ் தன் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்தார். கல்யாணத்தன்று அப்பாவும் பெண்ணும் ஆட வேண்டிய ஆட்டத்தைப் பழகிப் பார்க்க ஷெல்பி புதன்கிழமை வந்தாள். டிராக்டருக்கு அடியிலிருந்து இரண்டு காலணிகள் மட்டும் தெரிந்தன. வெள்ளிக்கிழமை ஆடலாம் என்று காலணிகள் சொல்லின. வெள்ளிக்கிழமை வந்தாள். அவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு வண்டி வேணாம். நான் நடந்தே வந்துடறேன்."

அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது டிராக்டர் அல்ல, அதை ஓட்டுகிற ஆள் என்பது உங்களுக்குப் புரிகிறது. லைலுக்கு என்ன புரிந்தது தெரியுமா? தன் டிராக்டரை மகள் நம்பவில்லை என்று புரிந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். இருநூற்றுப் பதினான்கு படங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் இருந்தது இருந்தபடி. எழுபத்தோராம் படத்தில் பின்பக்கக் கம்பி, குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவரும் அதைக் கவனமாக வெளியே இழுத்தே மாட்டினார். நோயையும் அதன் இடத்தில் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டார். ஜாக்கியில் தூக்கி நிறுத்தி இன்ஜினைக் கிளப்பியபோது, பளு ஏதும் இல்லாததால், மிச்சமிருந்த கொஞ்சப் பிடியிலேயே சக்கரங்கள் சோம்பலாகச் சுற்றின. லைலுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை செலோ வாசிக்க வந்த பெண் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இன்ஜினைக் கிளப்பக் கூடாது என்று மார்லா உத்தரவு போட்டுவிட்டார். லைலும் கர்ட்டும் டிராக்டரைக் கையால் தள்ளிப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"எவ்வளவு லேசா உருளுது பாத்தியா? எல்லாம் புது சீல்" என்றார் லைல்.

"வெண்ணெய் மாதிரி போகுதுய்யா" என்றார் கர்ட்.

நான்கு மணி. எண்பது நாற்காலியிலும் ஆள். தொட்டி வண்டியில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வெள்ளை உடையில் ஷெல்பி. செலோ தொடங்கியது. லைல் கோட்டுச் சூட்டோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் கர்ஜித்தது. பெடலை மிதித்தார்.

டிராக்டர் நின்ற இடத்தில் நின்றது.

மறுபடி மிதித்தார். அவருடைய பின்கழுத்து சிவப்பதை மூன்றாம் வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது. செலோக்காரி முதல் பாட்டை முடித்துவிட்டு அதையே திரும்பத் தொடங்கினாள். முன்வரிசையில் கர்ட் எழுந்து சட்டைக் கையை மடித்தார். லைல் கீழே இறங்கி, கோட்டுப் பையில் கையை விட்டு எடுத்தார் ஒரு ஸ்பேனரை. மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், கைக்குட்டை இருக்க வேண்டிய இடத்தில், ஸ்பேனர். தூரத்தில் நின்ற பாதிரியாரிடம் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்: பத்து நிமிடம். மார்லா கண்ணை மூடிக்கொண்டார்.

அழுதால் கண் மை கரைந்துவிடும் என்று ஷெல்பி எதிரே இருந்ததை வெறித்துப் பார்த்தாள். எதிரே, அவளுடைய முழங்காலிலிருந்து ஓர் அடி தூரத்தில், கறுப்புக் குமிழ். அதன் கீழே ஒரு ஸ்டிக்கர். டிராக்டரைக் கையால் தள்ளுகிற ஒரு மனிதனின் படம், வெளியே போகிற ஓர் அம்பு. பக்கத்தில் டிராக்டரை ஓட்டுகிற மனிதன், உள்ளே போகிற அம்பு.

"அப்பா, மேல ஏறி உக்காரு."

"இல்லம்மா, இது கழட்டினாத்தான்..."

"உக்காருப்பா."

உட்கார்ந்தார். ஷெல்பி உடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வெள்ளைக் காலணியின் நுனியால் குமிழை உள்ளே உதைத்தாள். டக்கென்று ஒரு சத்தம்.

"இப்ப போ."

போயிற்று. மேப்பிள் மரம் வரைக்கும் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். கல்யாணமும் நடந்தது.

இத்தோடு லைல் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சாயங்காலம் கேக் தட்டோடு கர்ட்டை ஓரங்கட்டி, குமிழை உதைத்தது கடைசிக் காரியம்தான், தான் புதுச் சீல் போடாமல் இருந்திருந்தால் அதை உதைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கர்ட் தலையாட்டினார்.

பிறகு அப்பாவும் பெண்ணும் ஆடுகிற நேரம் வந்தது. பழகாத ஆட்டம். லைல் இரண்டு முறை அவள் காலை மிதித்தார். கீழே பார்த்தார். வெள்ளைக் காலணியின் நுனியில் கறுப்பாக கிரீஸ்.

"கறை பட்டிருக்கு பாரு. கழட்டு, நான் துடைச்சுத் தரேன்."

"எதையும் கழட்ட வேணாம்ப்பா. இந்தப் பாட்டு முடியறவரைக்கும் சும்மா கூட ஆடு."

ஆடினார். பாட்டு மூன்று நிமிடம். மூன்று வாரமாக அவள் கேட்டது அந்த மூன்று நிமிடத்தைத்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தெம்பாகச் சிரிக்கிறீர்கள். மகன் நாலு நாளாகச் சரியாகப் பேசவில்லை என்றதும் அவன் படிப்பு, சேர்க்கை, அவன் அம்மா கொடுத்த செல்லம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் பரப்பினீர்களே, என்னடா ஆச்சு என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? போகட்டும், அது உங்கள் வீட்டு விஷயம். ஒன்று மட்டும் செய்யுங்கள். சமையலறைக்குப் போய் இட்லித் தட்டை எடுத்துப் பாருங்கள். குழியில் ஒரு நட்டு கிடந்தால், மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து படியுங்கள், இந்தத் தடவை சிரிக்காமல்.