குறுக்கால அண்ணனும் முடியாத நாடகங்களும்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சலித்துத் தேடினாலும், ஒரு நாடகத்தைக்கூட ஒழுங்காக முடிய விடாதவர் என்று ஒரே ஒரு ஆளைத்தான் காட்ட முடியும். அவர் எங்கள் ஷேர் ஆட்டோக்காரர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் குறுக்கால அண்ணன். வண்டியோடும் குறுக்கே வருவார், வண்டி இல்லாமலும் வருவார்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஊரைத் திருத்தியே தீருவது என்று எழுபது வயதில் கிளம்பினேன். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்து ஒரு தெரு நாடகக் குழு. வசனமெல்லாம் நானே. எதைப் பற்றிய நாடகமானாலும் கடைசியில் குழுவில் இருக்கும் தேன்மொழி கூட்டத்தைப் பார்த்து, “இதைக் கேக்க இங்க ஒருத்தரும் இல்லையா?” என்று கதறுவாள். ஜனங்கள் தலைகுனிய வேண்டும், பிறகு கைதட்ட வேண்டும். என் திட்டம் அதுதான்.

முதல் நாடகம் திண்டிவனத்தில், குடிக்கு எதிராக. ஒன்பது பிள்ளைகளும் நானும் ஒரு பறையும் ஒரே ஆட்டோவில் போய் இறங்கியதே தனி நாடகம். புருஷனாக நடித்த பையன் பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுத் தேன்மொழி மேல் கையை ஓங்கினான். தேன்மொழி கதறி முடிப்பதற்குள் குறுக்கால அண்ணன் நடுவில் நின்றார். பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்.

“இன்னாடா இது, காப்பி! காப்பியக் குடிச்சிட்டாடா பொண்டாட்டிய அடிக்கிற?”

என் சோக நாடகத்துக்குத் திண்டிவனமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அடுத்தது திருவாமாத்தூரில். ஒட்டுமீசை அப்பா, “படிச்சது போதும்” என்று மகளின் பையைப் பிடுங்குகிறார். தேன்மொழி கதறினாள்.

“ஏன் இல்ல? நான் இருக்கேன். ஏறு பாப்பா, ஜல்தி!” என்று குறுக்கால அண்ணன் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கே போய்விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூட்டின கேட்டை ஆட்டி வாட்ச்மேனோடு சண்டை வேறு. இங்கே ஒட்டுமீசை அப்பா தனியாக நின்று, “படிச்சது போதும், படிச்சது போதும்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு எங்கய்யா?” என்றாள் ஒரு கிழவி.

“தெரியலைங்க ஆயா” என்று அவர் அழுதேவிட்டார்.

திரும்பி வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். “யோவ், அது நாடகம்யா!”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சா ஏன்யா உள்ள வர்ற?”

“ஒருத்தரும் இல்லையான்னு கேக்குது சார் பாப்பா. இருக்கிறவன் எப்படி சார் சும்மா உக்காந்துக்கினு இருக்கிறது?”

இவருக்கு நாடகம் புரிகிறதா, புரியவில்லையா? எனக்குத் தலை சுற்றியது. பதில் தெரியாத வாத்தியார் செய்வதைத்தான் நானும் செய்தேன். இனி நாடகம் நடக்கும்போது ஆட்டோ இருநூறு அடி தள்ளி நிற்க வேண்டும், ஆளும் அங்கேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

பனமலையில் சின்ன வயதுக் கல்யாணத்தைப் பற்றிய நாடகம். ஆட்டோ ஏரிக்கரையில் நின்றது. “வர்ற தை மாசம் எனக்குக் கல்யாணமாம்” என்பது நான் எழுதிய வசனம். தேன்மொழி, “வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். மாப்பிள்ள எங்க மாமா, லாரி ஓட்டுறாரு. எனக்கு வேணாம்” என்றாள். கண்ணீர் தாரையாக ஓடியது. கேக்க ஒருத்தரும் இல்லையா என்று அவள் கேட்டதும் கைதட்டல் நிற்கவே இல்லை. நானும் தட்டினேன். தட்டி முடித்து நோட்டில் எழுதினேன்: ‘வசனம் தப்பு. நடிப்பு பிரமாதம்.’

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் குறுக்கால அண்ணன் என் வாசலுக்கு வந்தார்.

“சார், நாடகம் முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சுதுய்யா.”

“அந்தப் பாப்பா இன்னும் அழுதுக்கினே போவுது சார்.”

“நல்ல நடிகை. பாத்திரத்துலேர்ந்து வெளிய வர நேரமாகும்.”

“வெள்ளிக்கிழமை கல்யாணம்னு வண்டியில சொல்லிச்சு சார். அத நீங்கதான் எழுதினீங்களா?”

“இல்ல. அது மறந்துபோய் ஏதோ உளறுது.”

அவர் தலையைச் சொறிந்தார். “நீங்க எழுதலன்னா அது நாடகம் இல்லீங்களே சார்?”

“பேஜார் பண்ணாம போய்யா” என்று கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை போன் செய்தார். ஒரு ஆட்டோக்காரர் தேன்மொழியைக் கூட்டி வந்திருக்கிறார். இந்தத் தடவை கேட் திறந்திருந்தது. “இது நெஜம் டீச்சர், நெஜம் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டு நகராமல் நிற்கிறார். “அவரு பேரு என்ன சார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள், வீட்டில் பேசினார்கள், கல்யாணம் நின்றது. விசாரிக்க வந்த அதிகாரி அம்மா என்னிடம், “உங்க முன்னாடியே சொல்லுச்சாமே, நீங்க என்ன பண்ணீங்க?” என்றார்.

“கைதட்டினேன்” என்றேன்.

மாமா வீட்டு ஆட்கள் ஆட்டோவின் முன்கண்ணாடியை உடைத்தார்கள். அதில் டேப் ஒட்டிக்கொண்டு அவர் வழக்கம்போல எங்களை ஏற்றிப்போக வந்தார். மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் முதல் வரிசையில் வந்து உட்காரச் சொன்னேன்.

“வேணாம் சார். நான் வந்தா உங்க நாடகம் கெட்டுடும்.”

இப்போதும் இருநூறு அடி தள்ளித்தான் நிற்கிறார். தேன்மொழி அந்தக் கடைசி வரியைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் தட்டுவதில்லை. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.