இருபத்தேழாம் எண்காரர் கையெழுத்துப் போட மறுப்பது குறித்து

பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் ஆராய்ச்சி செய்யும் என் அக்காள் மகளுக்கு, தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். என் ரத்த அழுத்தம் மட்டும் உன் கடிதம் வந்த நாளிலிருந்து சுகமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படித்துப் பெரிய ஆளாக வரவேண்டும் என்று வாழ்த்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாழ்த்து வேறு, விஷயம் வேறு.

நீ அனுப்பிய ஒப்புதல் படிவம் கிடைத்தது. துறையின் ஆண்டுக் கூட்டத்தில் முந்நூறு பேர் முன்னால் நீ முதன்முதலாகப் பேசப் போகிறாயாம், அதில் சோதனையின் வீடியோ ஒன்றைக் காட்ட வேண்டுமாம், நாற்பது பேரில் இருபத்தேழாம் எண்காரரான என்னுடையதுதான் மிகத் தெளிவாக இருக்கிறதாம், ஆகவே மாமா கீழே கையெழுத்துப் போடவும் என்கிறாய். எதம்மா தெளிவாக இருக்கிறது? பக்கத்து அறையில் ஒரு பெண் ஏணியிலிருந்து விழுந்து முனகுகிறாள், உன் மாமன் எட்டு நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அதுதான் தெளிவாக இருக்கிறது. அதற்கு நான் கையெழுத்து வேறு போட வேண்டுமா? போட மாட்டேன். நீ வேறு ஆளைப் பார்.

நான் யார் என்று உன் பேராசிரியரிடம் சொன்னாயா இல்லையா? எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் முப்பத்தொரு வருடமாகத் தீயணைக்கும் சிலிண்டர் நிரப்பி, அதை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவன். தெருவில் என்னை ‘சைரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆபத்து என்றால் முதல் சத்தம் என்னுடையதாக இருக்கும் என்பதால். துணிக் கிடங்கு பற்றி எரிந்தபோது பதினோரு பேரை இந்த இரண்டு கையால் வெளியே இழுத்துப் போட்டேன். அப்பேர்ப்பட்டவனை உட்கார வைத்துப் படம் பிடித்துவிட்டு, ‘உதவி செய்யாதவர்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்களே, அது எந்த ஊர் நியாயம்?

அன்றைக்கு நடந்ததை ஒழுங்காகக் கேள். ஆள் குறைகிறது என்று போனில் நீ இழுத்த இழுப்புக்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு நீள மேசை, மூன்று நாற்காலி. சுவரில் மாட்டியிருந்த சிலிண்டருக்குக் கெடு முடிந்து நாலு மாதம் ஆகிறது, அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பச்சைச் சட்டைக்காரரும் ஒரு குட்டைமுடி அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் போலச் சோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்து வணக்கம் எல்லாம் சொன்னேன். உங்கள் உதவியாளர் பெண் ஆளுக்கு அறுபது கேள்வி கொடுத்தாள். ‘கூட்டத்தில் தலைமை ஏற்கத் தயங்க மாட்டேன்: ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண்ணுக்கு வட்டமிடவும்’ என்று இருந்தது. நான் பக்கத்தில் ஆறு என்று எழுதி அதற்கு வட்டம் போட்டேன். அலமாரி மேலிருந்து ஒரு பெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். நான் பதினாறாம் கேள்வியில் இருக்கும்போது தடாலென்று ஏணி விழுந்தது. “ஐயோ என் கால்... நகர்த்த முடியலையே” என்று குரல் கேட்டது.

அந்த இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நீயே சொல், படித்த முகமாக இரண்டு பேர் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் மனிதன் என்ன நினைப்பான்? இந்தக் கட்டடத்தில் இது தினசரி நடக்கிறது போலிருக்கிறது என்றுதானே நினைப்பான்? அதோடு, அது நிஜ ஏணிச் சத்தம் இல்லை என்று கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிடங்கில் பத்தொன்பது பேரைக் காப்பாற்றினவனுக்கு ஏணிச் சத்தம் தெரியாதா? தெரிந்தும், எதற்கும் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்திருக்கத்தான் போனேன், வலது கால் மரத்துவிட்டது. கால் சரியானபோது குரல் சன்னமாகிவிட்டது, சரி, வலி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இதில் எது தப்பு? நான் பேனாவை மூன்று முறை மூடித் திறந்தது வீடியோவில் இருக்கிறது என்கிறாய். அது தயக்கம் இல்லை, திட்டமிடல்.

எட்டு நிமிடம் கழித்து அந்தப் பெண் இரண்டு காலோடும் நடந்து வந்து, “சார், உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?” என்றாள். நான் “எந்தச் சத்தம்?” என்றேன். மரியாதைக்காகச் சொன்னது அது, அதையும் பதிவு பண்ணிவிட்டார்கள். பிறகுதான் ஏணியும் இல்லை, காலும் இல்லை, எல்லாம் ஒலிப்பதிவு, அந்த இரண்டு பேரும் உங்கள் ஆட்கள் என்று அவள் விளக்கினாள். நம்பாமல் போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்டூல் மேல் ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குட்டைமுடி அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, நீங்களாவது எழுந்திருக்கக் கூடாதா? நீங்க எழுந்திருந்தா நானும் பின்னாடியே வந்திருப்பேனே.”

“எங்களை எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லி உட்கார வெச்சிருக்காங்க சார்,” என்றார் அவர். “உங்களை யாரும் அப்படிச் சொல்லலையே.”

என்ன வாய் பார். பச்சைச் சட்டைக்காரர் என் தோளைத் தட்டி, “விடுங்க சார், முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்துதான் இருந்தாங்க” என்றார். முக்கால்வாசிப் பேரும் நானும் ஒன்றா? தனியாக உட்கார வைத்தால் பத்துக்கு ஏழு பேர் எழுந்து ஓடுகிறார்கள், அசையாதவர்களுக்கு நடுவில் வைத்தால் நல்லவனும் அசைவதில்லை, இதில் மாமாவுக்கு அவமானம் ஒன்றும் இல்லை என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் முந்நூறு பேர் உன் இரண்டு பக்கத்தையா பார்க்கப் போகிறார்கள்? என் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் வேலை பார்க்கும் ஆபீசில் அடுத்த மாதம் நான் போய் நின்று, ‘ஆபத்து என்றால் யோசிக்காமல் எழுந்திருங்கள்’ என்று பாடம் எடுக்க வேண்டும். எந்த வாயால் எடுப்பேன்? ஆகவே கையெழுத்து கிடையாது. உன் பேச்சு நின்றுபோகும் என்றால் நிற்கட்டும், பாட்டோ கீட்டோ பாடி ஒப்பேற்று.

மற்றபடி கோபம் உன் மேல் இல்லை, உன் படிப்பின் மேல்தான். அக்காவை மூட்டுவலி மாத்திரையை விடாமல் போடச் சொல். உன் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எந்த ஆபத்துக்கும் அஞ்சாத உன் மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் உன் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். கிடங்கிலிருந்து வெளியே வந்தவர்கள் நாலு பேர், அவர்கள் தாங்களாகத்தான் நடந்து வந்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். எந்தப் பொண்ணு, அது வெறும் ஒலிப்பதிவு என்றேன். “அது எட்டு நிமிஷம் கழிச்சுத்தானேங்க உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

நிஜச் சத்தம் என்றுதான் நினைத்தேன். கால் மரக்கவில்லை. அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவம் உள்ளே இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டத்தன்று எனக்கும் அத்தைக்கும் முன்வரிசையில் இடம் பிடித்து வை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும், இருபத்தேழு யார் என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பார்கள் இல்லையா, அப்போது எழுந்து நிற்கிறேன்.