அக்காவின் கூறைச் சட்டையும் என் அரைகுறைக் கணிதமும்

அரைகுறையாகப் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் கேடில்லை. நான் வாயை மூடாதது மட்டுமல்ல, கத்தரிக்கோலையும் கையில் எடுத்தேன்.

கணித முதுமாணிப் (எம்.எஸ்ஸி.) படிப்பு தொடங்கி மூன்றாவது கிழமை. பாடம், 'ஸ்மூத் மனிஃபோல்ட்'. அதாவது, எவ்வளவு வளைந்த உருவமும் கிட்டப் போய்ப் பார்த்தால் தட்டைதான். (மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இதை நம்ப என்ன கஷ்டம்?) ஒவ்வொரு பகுதிக்கும் தேசப்படம் போல ஒரு தட்டைப் படம். ஒரு படம் அடுத்ததன்மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது மூலை முடக்கு இடிக்கக் கூடாது. இது விளங்கிய அன்று அரியாலை வீடு வரை சைக்கிள் மிதித்தேனா, பறந்தேனா, எனக்கே தெரியாது. வழியில் கண்ட தண்ணீர்த் தாங்கி, இளநீர்க் குலை, பஸ் சாரதியின் வழுக்கை எல்லாமே எனக்கு மனிஃபோல்ட்!

வீட்டுக்கு வந்தால் எல்லோருடைய முகமும் தொங்கிப்போயிருந்தது. அக்காவின் கலியாணத்துக்கு ஐந்து நாள்தான். சட்டை தைக்க இருந்த தையல்காரி, தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று வவுனியா போய்விட்டார். மற்றத் தையல்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூறைச் சேலையிலிருந்து வெட்டி அனுப்பிய சட்டைத் துணியோ (ரவிக்கைத் துணிதான்) ஒன்றே ஒன்று. அதைப் போட்டுக்கொண்டுதான் அக்கா தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். வருங்கால மாமி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

"நான் தைக்கிறன்" என்றேன்.

"உனக்குத் தைக்கத் தெரியுமோடி?" என்றாள் அக்கா.

"தலகாணி உறை தைச்சனான்தானே. அக்கா, உன்ரை உடம்பு ஒரு மனிஃபோல்ட்!"

"ஐயோ, உதென்ன வருத்தம்?" அம்மா ஏதோ நோயென்று நினைத்து உண்மையாகவே பயந்துவிட்டார்.

அக்கா தன் பழைய சட்டையொன்றை அளவுக்கு நீட்டினாள். நான் வாங்கவில்லை. "உது தையல்காரருக்கு. நான் தியறியிலை தைக்கிறன்" என்றேன். (இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே போடலாம் போலிருக்கிறது.) அக்காவை மூன்று தரம் சுற்றி வந்து பார்த்தேன். அளவுநாடாவைத் தொடவேயில்லை. ஒன்பது துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற, ஒரு சுருக்கம் இல்லாமல், வழுவழுவென்று பொருத்துகள். அழகென்றால் அப்படியொரு அழகு!

வேலைகளுக்கிடையில் கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் போட்டுப் பார்க்க நேரம் கிடைத்தது. வலக்கை நுழைந்த வேகம்! அதற்குள் ஒரு பூசணிக்காயையும் சேர்த்து வைக்கலாம். இடக்கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"எடியே, கை வருகுதில்லை! இழு!"

"எந்தப் பக்கம்?"

"வெளியாலை, விசரி!"

கடைசியில் அம்மா கத்தரிக்கோலோடு வந்து அக்காவின் கையை மீட்டார். துணி போனது போனதுதான். "நாளைக்கு மாமியின்ரை முகத்தை எப்பிடியடி பாக்கிறது?" என்று அக்கா விம்மினாள். என் பறப்பெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. வெட்கத்தில் அவளுக்குப் பக்கத்திலிருந்து நானும் அழுதேன்.

மறுநாள் அம்மாவின் முப்பது வருசத்துப் பழைய, நிறம் மங்கிய கூறைச் சட்டைதான் மணவறை ஏறியது. தாலி ஏறிய கையோடு மாமி குனிந்து, "நாங்கள் தந்த துணி எங்கை பிள்ளை?" என்று கேட்டார்.

அக்கா விரலால் என்னைக் காட்டினாள். "தங்கச்சி கணக்குப் படிக்கிறாள், மாமி."

அடுத்த செமஸ்டரில் விரிவுரையாளர் சாதாரணமாகச் சொன்னார்: "இதுவரை படித்த மனிஃபோல்டில் நீளம், தூரம் ஒன்றும் கிடையாது. அளவை நாங்கள்தான் தனியாகக் கொடுக்க வேண்டும்." அட! அப்படியென்றால் நான் படித்த மட்டில் பூசணிக்காயும் சுண்டங்காயும் ஒன்றுதான். இழுத்து நெளித்து ஒன்றை மற்றதாக்கலாம். கூறைப் பட்டு இழுபடாதே! சந்தோஷம் தாங்காமல் எழும்பி, "சேர், எங்கடை அக்காவின்ரை கை!" என்று கத்திவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இதை வீட்டிலும் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து கறிக்கு உப்புக் குறைந்தால், "உப்பு அடுத்த செமஸ்டர்" என்பார் அத்தான். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறென்ன செய்வது?

போன வருசம் என் கலியாணத்துக்கும் கூறைச் சட்டைத் துணி வந்தது. செய்தி கேட்டு, அக்காவின் மாமி தொண்டைமானாற்றிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். துணியைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து அளவுநாடாவை உருவினார்.

"கையைத் தூக்கு, பிள்ளை. மனிஃபோல்டைப் பிறகு பாப்பம்."