பதில் சொல்லாத பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம்

அன்புள்ள அழகண்ணனுக்கு,

எங்கள் பெட்டியைப் பிடுங்கத்தான் உங்கள் கம்பெனி ஆள் அனுப்பியது. மற்றபடி அம்மா, அப்பா, நான், நீங்கள் விட்டுப்போன நாய், எல்லோரும் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்துக்கும் வேண்டுகிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சுலக்ஷனா என்றொரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் அட்டை, கையில் படிவக்கட்டு. போன வருடம் நீங்கள் வாசிகசாலையில் கொண்டுவந்து வைத்த சேர்வர் பெட்டி இருக்கிறதே, அதை இயக்கும் உங்கள் கம்பெனி ஓஎஸ் மென்பொருள் பற்றிக் கருத்துக் கேட்கிறாளாம். படமில்லை, மவுஸ் இல்லை, கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் வேலை செய்யும், அவ்வளவுதான். அதைத் தட்டத் தெரிந்தவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தி. அவளோ தேயிலைக் கொழுந்தெடுக்கப் புறப்பட்ட அறுபது பேருக்கும் படிவத்தை நீட்டிவிட்டாள்.

நம் ஆட்களைத் தெரியாதா உங்களுக்கு? டிஸ்பென்சரியைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள், ஆறு மாதத்தில் பூட்டினார்கள். ஸ்கூல் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார்கள், பஸ் நின்றது. "நல்லாயிருக்குன்னா தொரைக்கு வேணும்பாங்க, நல்லால்லன்னா ஒங்களுக்கு எதுக்கும்பாங்க. ரெண்டுக்கும் தூக்கிட்டுத்தான் போவாங்க" என்றார் அம்மாக்கண்ணு பெரியம்மா.

அந்தப் பெண் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பழனியாண்டி மாமா பெட்டியை வயரோடு பிடுங்கிக் கோழிக்கூட்டுக்குள் வைத்துச் சாக்கால் மூடிவிட்டார். "முறையா அணைச்சிட்டுப் புடுங்குங்க மாமா!" என்று பின்னால் ஓடினேன். "என்னைய வேலைய விட்டு நிறுத்துனப்ப முறையாவா நிறுத்துனாங்க?" என்றார்.

பெட்டி எங்கே என்று அவள் கேட்டாள். எந்தப் பெட்டி என்று அறுபது பேரும் கேட்டார்கள். ஆனால் படிவம் முழுக்க ஐந்து நட்சத்திரம். "இல்லாத பெட்டிக்கா?" என்றாள். "வந்த புள்ளைக்கு மரியாதைக்குப் போட்டோம்மா" என்றார் வீரம்மா அக்கா.

கடைசியில் என்னிடம் வந்து, இதில் என்ன மாற்றம் வேண்டும் என்றாள். பெட்டி பிள்ளைகளுடையது, யாரும் எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றேன். "அந்தக் கேள்வி படிவத்துல இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று வாரம். லயத்துப் பிள்ளைகள் பதினேழு பேருக்கும் பழைய வினாத்தாள் அந்தப் பெட்டிக்குள்தான். அதன்மேல் இப்போது கோழி முட்டையிடுகிறது. எடுக்க மாட்டோம் என்று கம்பெனிக் கடுதாசி வராமல் வெளியே எடுக்க மாட்டேன் என்கிறார் மாமா. சிக்னலுக்காக மேட்டுச் சந்திவரை ஏறிப்போய் அந்தக் கடுதாசியை வாட்ஸ்அப்பில் உங்களிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் நீங்கள் பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை.

அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு. என்னுடைய கோபமும்.

தங்கை நிலக்ஷி

பி.கு.: முதல் வரியை அடித்துவிடுங்கள். பெட்டியைப் பிடுங்கியது மாமாதான். இன்று மத்தியானம் அவரே தூக்கிவந்து வைத்துவிட்டார், அவர் மகள் பிரியந்திக்கும் பரீட்சை. கட்டளையைத் தட்டினேன். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. "என்னடி, செத்துப்போச்சா?" என்றார். வேலை நடந்தால் அது பேசாது, கெட்டால்தான் பேசும் என்றேன். பெட்டியின் வைஃபை வழியாகப் பிரியந்தியின் போனில் கணிதப் பேப்பர் திறந்தது. மாமா கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஒங்கண்ணன் பேசாம இருக்கானே, அதுவும் வேல நடக்குதுன்னுதான் அர்த்தமா?"

சொல்லுங்கள் அண்ணே. கடுதாசி வருகிறதா, இல்லையா?