சம்பந்திக்கு வைத்த முதல் டிராகன் பழம்

நல்ல பழக்கம் ஒன்று வந்துவிட்டால் என்னால் அதைத் தனியாக அனுபவிக்க முடியாது. நாலு பேர் வாயில் திணித்தால்தான் நிம்மதி. டிராகன் பழ விஷயத்தில் அப்படித்தான் இரண்டு குடும்பங்களைக் கலங்கடித்தேன்.

நாச்சியாபுரத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் பத்துக் கல்தூண்களை நட்டு டிராகன் கொடி ஏற்றியிருந்தேன். (அதுவும் ஒரு கள்ளி இனம்தான். வரப்போரக் கள்ளியை வெட்டி ஓய்ந்த என் தகப்பனார், மகன் தண்ணீர் ஊற்றிக் கள்ளி வளர்ப்பதைப் பார்க்க இல்லை. நல்லவேளை.) அது காய்க்கும்வரை சும்மா இருக்க முடியுமா? கடையில் வெள்ளைச் சதைப் பழமாக வாங்கிவந்து, காரைக்குடி வீட்டில் காலைப் பலகாரத்தைச் சீர்திருத்தத் தொடங்கினேன். வெள்ளைப் பணியார மாவில் கலந்த அன்று, கறுப்பு விதைகளைப் பார்த்த என் மனைவி வள்ளி மொத்த மாவையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள்.

"ஏங்க, மாவுல எறும்பு விழுந்துருச்சு."

"எறும்பு இல்ல வள்ளி, பழ விதை."

"எறும்பா இருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன்."

நான் அசரவில்லை. அடுப்பை விட்டுவிட்டுத் தயிர் அவலுக்கு மாறினேன். பழத்தைப் பிசைந்து அதில் போட்டால் அருமையான காலை உணவு. ஆறவைத்த தேங்காய்ப்பால் பாயாசத்தில் போட்டால் இன்னும் அருமை. இந்த இரண்டையும் வீட்டில் ஒரே ஒருவர் பாராட்டினார். அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

தோட்டத்தின் முதல் பழங்கள் பழுத்தபோது மகள் கார்த்திகாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பத்திரிகை வைக்கவேண்டிய வீடுகளைச் சரிபார்க்கச் சிவகங்கையிலிருந்து சம்பந்தி காலையிலேயே வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அளந்து பேசுகிறவர்.

"இட்லி, வடை எல்லாம் இருக்கு. உங்க பழத்தைக் கொண்டாந்து நீட்டிராதீக. கல்யாணம் நல்லபடியா முடியட்டும்" என்றாள் வள்ளி.

நீட்டினேன். பழத்தை அறுத்தால் உள்ளே ரத்தச் சிவப்பு! நாற்று வாங்கும்போது நிறத்தைக் கேட்கத் தோன்றவில்லை. (பஸ்ஸில் ஏற்றுவார்களா என்று மட்டும் கேட்டிருந்தேன்.) தயிர் அவல் தாழம்பூ குங்குமம் மாதிரி ஜொலித்தது. சம்பந்தி ஒரு கரண்டி சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை போதும், கிண்ணம் நிரம்பிவிடும். அவர் சாப்பிடும்போது நான் கையைக் கழுவினால் மரியாதை இல்லை. நான் சாப்பிடும்போது அவர் வேண்டாமென்றாலும் மரியாதை இல்லை. இந்த இரண்டு மரியாதைகளும் மோதிக்கொண்டதில் ஆளுக்கு மூன்று கிண்ணம் அவலும் இரண்டு கிண்ணம் பாயாசமும் காலி. வள்ளி தொடவில்லை. கார்த்திகா ஒரு கரண்டியோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை, கழிப்பறையில் நான் சிவப்பாகச் சிறுநீர் கழித்தேன்.

சிறுநீரகம் போயிற்று என்று முடிவு செய்தேன். முந்தின நாள் தின்றது நினைவுக்கே வரவில்லை. ஆரோக்கியத்துக்காகச் சாப்பிட்டதை யாராவது சந்தேகிப்பார்களா? ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: நான் படுத்தால் கல்யாணம் தள்ளிப்போகும். தாலி ஏறும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது. ஆனால் என்ன நோய் என்றாவது தெரிய வேண்டுமே. காரைக்குடியில் பரிசோதித்தால் ஊரே விசாரிக்கும். சிவகங்கை போனால் சம்பந்தி கண்ணில் படுவேன். திருப்பத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு லேபில், மடியில் துண்டை விரித்து எதையோ மறைத்தபடி சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

"சம்மந்தி! நீங்க எங்க இங்குட்டு?"

"ஒரு பத்திரிகை வைக்கலாம்னு..."

"லேப்லயா?"

"நீங்க?"

"நானும் பத்திரிகைதான்."

அப்போது லேப் பெண் கூப்பிட்டாள். இருவரும் எழுந்தோம். அவர் துண்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டில் வந்தது, என் பையிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே சிவப்பு. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?"

"இன்னும் மூணு வாரத்துல" என்றார் சம்பந்தி.

"நேத்து பீட்ரூட் சாப்பிட்டீகளா?"

"இல்லம்மா."

"செகப்பு டிராகன் பழம்?"

சம்பந்தி மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த ரத்த வகைப் படத்தைக் கவனமாகப் படித்தேன்.

"அவல்ல மூணு கிண்ணம், பாயாசத்துல ரெண்டு" என்று வாத்தியார் துல்லியமாகக் கணக்குச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் ரத்தம் எடுக்க வந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. சோதித்தும் பார்த்தாள். இருவருக்கும் ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் சம்பந்தி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கெளம்பும்போது மகன்கிட்ட, 'அம்மாவ நல்லாப் பாத்துக்கடா'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்யா! இப்ப என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

மகன் அந்த வாக்கியத்தைக் கேட்டுச் சும்மா இருப்பானா? கார்த்திகாவுக்கு போன் போட்டிருக்கிறான். நான் வீடு திரும்பியபோது வள்ளி ஒப்பாரிக்கும் உலக்கைக்கும் நடுவில் நின்றாள். உண்மையைச் சொன்னேன். உலக்கைப் பக்கம் சாய்ந்தாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் என் பழத்துக்குத் தடை. நாலு வருடமாகியும் நான் விடவில்லை. தினமும் காலையில் அதே தயிர் அவல், அதே சிவப்பு. இரண்டு வீட்டிலும் யார் இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டினாலும் பக்கத்தில் இருப்பவரிடம், "அம்மாவ நல்லாப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அது சட்டம்.

போன வாரம் கார்த்திகா வந்திருந்தாள். இத்தனை காலமும் அந்தப் பழத்தைத் தொடாத வள்ளி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு கிண்ணத்தை முடித்தாள். திரும்பினால் கார்த்திகா நிற்கிறாள். இன்னொரு கிண்ணத்துக்காக மெதுவாகக் காலிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள்.

"அப்பாவ நல்லாப் பாத்துக்கடி" என்றாள் மகளிடம்.